முதல் பிரேம்வேர்க் எது? ஒரு கைத்தறிக் கடையை வைத்து ஒரு விளக்கம்

உயர்தரப் பரீட்சை முடிந்து, பெறுபேற்றுக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் காத்திருக்கும் நீண்ட மாதங்களில் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நிறையப் பிள்ளைகள் இணையத்தளம் செய்யப் பழகத் தொடங்குகிறார்கள். முதல் வாரத்திலேயே, பிரேம்வேர்க் என்று பொதுவாகச் சொல்லப்படும், தளம் கட்ட உதவும் கருவிகளின் பெயர்ப் பட்டியல் ஒன்று முன்னால் வந்து நிற்கிறது: ரியாக்ட், ஜாங்கோ, லாராவெல், வியூ, நெக்ஸ்ட் ஜேஎஸ், பிளாஸ்க். வகுப்பு விளம்பரம் ஒன்றைச் சொல்கிறது. யூடியூப் இன்னொன்றைச் சொல்கிறது. கொழும்பில் வேலை செய்யும் அண்ணா மூன்றாவதாக ஒன்றைச் சொல்கிறார். அவரவர் செய்யும் வேலைக்கு அவரவர் சொல்வது சரிதான். தொடங்கும் பிள்ளை என்ன செய்யப்போகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆகவே முதலில் ஒரு வேலையைக் கையில் எடுப்போம். மருதமுனையில் ஒரு கைத்தறிக் கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக நெய்து வந்த சாரி, சாரங்களின் படத்தையும் விலையையும் கடைக்காரர் போட வேண்டும். வாங்குபவர் பெயரும் தொலைபேசி எண்ணும் கொடுத்து ஓடர் செய்ய வேண்டும். இரவு கடையைப் பூட்டிய பிறகு அன்றைய ஓடர்களைக் கடைக்காரர் ஒரே இடத்தில் பார்க்க வேண்டும். இவ்வளவுதான் தேவை. கட்டுரை முழுவதும் இந்தக் கடையையே வைத்து அளந்து பார்ப்போம்.

## ஒரு பக்கம் போனுக்கு எப்படி வந்து சேர்கிறது

1. களுவாஞ்சிகுடியில் ஒருவர் போனில் கடையின் முகவரியைத் தட்டுகிறார். பிரவுசர் அந்த முகவரிக்குரிய சேர்வருக்கு ஒரு கோரிக்கையை அனுப்புகிறது. சேர்வர் என்பது இரவு பகல் ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு கணினி, அவ்வளவே. அது எந்த நாட்டிலும் இருக்கலாம்.
2. சேர்வரில் உள்ள நிரல் முகவரியை வாசித்து, கேட்கப்படுவது சாரிப் பட்டியலா, ஓடர் படிவமா என்று தீர்மானிக்கிறது.
3. பட்டியல் என்றால் தரவுத்தளத்திடம் போய், இருப்பில் உள்ள சாரிகளின் பெயர், விலை, படம் எல்லாவற்றையும் எடுக்கிறது.
4. எடுத்ததை எச்டிஎம்எல் என்ற பக்க மொழியில் பொருத்தித் திருப்பி அனுப்புகிறது.
5. பிரவுசர் அதை வாசித்து, சிஎஸ்எஸ் சொல்லும் நிறத்திலும் அளவிலும் வரைந்து காட்டுகிறது. வந்து சேர்ந்த பக்கத்துக்குள் ஏதாவது அசைய வேண்டும், மாற வேண்டும் என்றால் அதை ஜாவாஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்கிறது.

சேர்வரில் நடக்கும் 2 முதல் 4 வரையான வேலை பேக்எண்ட். போனில் நடக்கும் 5ஆவது வேலை பிரன்ட்எண்ட். மேலே சொன்ன பெயர்ப் பட்டியலில் ஜாங்கோ, லாராவெல், பிளாஸ்க் மூன்றும் பேக்எண்டுக்கு உரியவை. ரியாக்டும் வியூவும் பிரன்ட்எண்டுக்கு உரியவை. நெக்ஸ்ட் ஜேஎஸ், ரியாக்டை அடித்தளமாக வைத்து இரண்டு பக்கத்தையும் தொடுகிறது. ஆகவே, “ஜாங்கோவா ரியாக்டா?” என்ற கேள்வி கத்தியா தட்டா என்று கேட்பதைப் போன்றது. இரண்டும் வேறு வேறு வேலைக்கு. எதை முதலில் கையில் எடுப்பது என்பதுதான் நாம் தீர்க்க வேண்டியது.

## பிரேம்வேர்க் எதைத் தருகிறது

நெசவாளர் ஒவ்வொரு சாரிக்கும் புதிதாகத் தறி செய்வதில்லை. தறி நிற்கிறது, பாவு பூட்டியிருக்கிறது; அவர் ஊடையை ஓட்டி, வேண்டிய கரையையும் பூவையும் எடுக்கிறார். பிரேம்வேர்க்கும் அப்படித்தான். எல்லா இணையத்தளத்துக்கும் பொதுவான வேலைகள் அதில் ஏற்கனவே கட்டப்பட்டிருக்கும். நாம் எழுதும் நிரல், அதாவது கோட், அதற்குள் ஊடைபோல ஓடும். லைப்ரரி என்பது இன்னொன்று: அது தேவையானபோது நாம் எடுத்துப் பயன்படுத்தும் ஒரு கருவி. ரியாக்டைச் செய்தவர்களே அதை லைப்ரரி என்றுதான் அறிமுகப்படுத்துகிறார்கள். ரியாக்டை மட்டும் படித்த பிள்ளை, “லொகின் எப்படிச் செய்வது? ஓடரை எங்கே சேமிப்பது?” என்று இடையில் திகைத்து நிற்பதற்குக் காரணம் இதுவே. அந்தக் கேள்விகளுக்கான பதில் ரியாக்டுக்குள் இல்லை.

நம் கடைக்குப் பிரேம்வேர்க் செய்து தரும் வேலைகளில் மூன்று மிக முக்கியமானவை, ஏனென்றால் தொடங்குபவர் தானாக எழுதினால் தவறுவது பெரும்பாலும் இவற்றில்தான்.

1. கடவுச்சொல். கடைக்காரரின் கடவுச்சொல்லை அப்படியே தரவுத்தளத்தில் எழுதி வைத்தால், தரவுத்தளத்தைப் பார்க்கும் யாரும் அதை வாசிக்கலாம். ஜாங்கோவும் லாராவெல்லும் திருப்பி வாசிக்க முடியாத வடிவமாக மாற்றித்தான் சேமிக்கின்றன. நாம் கேட்காமலே செய்கின்றன.
2. படிவத்தில் வரும் எழுத்து. பெயர் எழுதும் பெட்டியில் ஒருவர் தரவுத்தளக் கட்டளை ஒன்றை எழுதி அனுப்பலாம். அதை அப்படியே கட்டளைக்குள் ஒட்டும் நிரல், கடையின் முழுத் தரவையும் பறிகொடுக்கும். பிரேம்வேர்க்கின் வழியாகத் தரவுத்தளத்தைத் தொட்டால் பெயர் பெயராகவும் கட்டளை கட்டளையாகவும் பிரிந்தே நிற்கும்.
3. போலிக் கோரிக்கை. கடைக்காரர் லொகின் செய்திருக்கும் நேரத்தில், வேறொரு தளம் அவருடைய பிரவுசரைப் பயன்படுத்தி “விலையை மாற்று” என்று அனுப்ப முடியும். அதைத் தடுக்க ஒவ்வொரு படிவத்திலும் ஓர் இரகசியக் குறி வைக்க வேண்டும். ஜாங்கோவிலும் லாராவெல்லிலும் அந்தக் குறிக்கு ஒரே ஒரு வரி போதும். அதை மறந்தால் படிவமே வேலை செய்யாது.

வாங்குபவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் நம் கையில் இருக்கும்போது இது விளையாட்டு விடயம் இல்லை. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், நம்பி எண்ணைக் கொடுத்த ஊர்ச்சனத்துக்கு நாம் செய்ய வேண்டிய கடமையும் இது.

## ஒவ்வொன்றும் எந்தத் தேவைக்குப் பிறந்தது

பிரேம்வேர்க்குகளை ஒப்பிடும் அட்டவணைகள் நிறைய உண்டு: வேகம், பிரபலம், சம்பளம் என்று. தொடங்குபவருக்கு அவற்றைவிட உதவுவது ஒவ்வொன்றும் எந்த வீட்டில் பிறந்தது என்று தெரிந்துகொள்வது. பிறந்த வீட்டின் பழக்கம் அதை விட்டுப் போவதில்லை.

ஜாங்கோ பிறந்தது ஒரு பத்திரிகை அலுவலகத்தில். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் லோரன்ஸ் ஜேர்னல் வேர்ல்ட் என்ற ஊர்ப் பத்திரிகையின் இணையத்தளத்தைப் பார்த்துக்கொண்ட ஏட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும் 2003இல் அதை எழுதத் தொடங்கினார்கள். 2005 ஜூலையில் எல்லோருக்கும் இலவசமாக வெளியிடப்பட்டது. செய்தி ஆசிரியர்களுக்கு கோட் தெரியாது, ஆனால் செய்தியை அவர்களே போட வேண்டும். ஆகவே தரவை விவரித்து எழுதினால் போதும், அதைச் சேர்க்கவும் திருத்தவும் தேடவும் ஓர் அட்மின் பக்கத்தை ஜாங்கோ தானாகவே உண்டாக்கித் தரும். இப்போது மருதமுனைக் கடைக்காரரை நினைத்துப் பாருங்கள். அவருக்கும் கோட் தெரியாது, சாரியின் படத்தையும் விலையையும் அவரே போட வேண்டும். கன்சாஸ் ஆசிரியரின் தேவையும் இவருடைய தேவையும் ஒன்றே.

லாராவெல் 2011இல் டெய்லர் ஒட்வெல் வெளியிட்டது. அப்போது பிஎச்பி என்ற நிரல் மொழியில் பிரபலமாக இருந்த கோட்இக்னைட்டர் என்ற பிரேம்வேர்க்கில் பயனரை அடையாளம் காணும் வசதி உள்ளேயே இல்லாத குறை அவரை உறுத்தியது. லொகின், படிவச் சரிபார்ப்பு, மின்னஞ்சல் அனுப்புதல் போன்ற அன்றாட வேலைகள் லாராவெல்லில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பது அதனால்தான்.

ரியாக்ட் பேஸ்புக்கில் பிறந்தது. ஜோர்டன் வோக் உருவாக்கி, 2013 மேயில் பொதுவெளிக்கு வந்தது. பேஸ்புக்கின் ஒரே திரையில் லைக் எண்ணிக்கை கூடுகிறது, கருத்து வந்து விழுகிறது, அரட்டைப் பெட்டி திறக்கிறது. இவை அனைத்தும் பக்கத்தை மறுபடி ஏற்றாமல், ஒன்றோடொன்று முரண்படாமல் மாற வேண்டும். ரியாக்ட் அந்தச் சிக்கலை மிக அழகாகத் தீர்க்கிறது. நம் கடையில் அந்தச் சிக்கல் இன்னும் வரவில்லை.

கூகுளில் வேலை செய்த ஈவன் யூ, அங்கே பயன்படுத்திய அங்குலர் ஜேஎஸ் என்ற பிரன்ட்எண்ட் பிரேம்வேர்க்கில் தனக்குப் பிடித்த பகுதியை மட்டும் இலேசாக எடுத்துச் செய்ய நினைத்ததில் வியூ பிறந்தது. 2014 பெப்ரவரியில் வெளிவந்தது. பிளாஸ்க் 2010 ஏப்ரல் 1ஆம் திகதி ஆர்மின் ரோனாக்கர் விளையாட்டாக வெளியிட்ட ஒன்றிலிருந்து வளர்ந்தது. அது மிகச் சிறியது. தரவுத்தளமும் லொகினும் வேண்டுமென்றால் நாமே தேர்ந்து சேர்க்க வேண்டும்.

## உயர்தரத்தில் படித்தது வீணில்லை

இது பலருக்குத் தோன்றுவதே இல்லை. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்திட்டத்தில் பைத்தன் இருக்கிறது, எச்டிஎம்எல் இருக்கிறது, தரவுத்தளமும் அதனோடு பேசும் மொழியான எஸ்கியூஎல்லும் இருக்கின்றன, பிஎச்பியும் கொஞ்சம் இருக்கிறது. ஜாங்கோவின் மொழி பைத்தன், லாராவெல்லின் மொழி பிஎச்பி. பரீட்சைக்காக மனப்பாடம் செய்த அட்டவணைகளும் முதன்மைச் சாவியும் அந்நியச் சாவியும் இங்கே நேரடியாகக் கைகொடுக்கும்: சாரிகள் ஓர் அட்டவணை, ஓடர்கள் இன்னோர் அட்டவணை, ஓடரில் சாரியைச் சுட்டும் ஓர் அந்நியச் சாவி.

ரியாக்டுக்கு ஜாவாஸ்கிரிப்டை ஆழமாகத் தெரிந்திருக்க வேண்டும். அது பாடத்திட்டத்தில் கற்ற மொழிகளிலிருந்து விலகிப் புதிதாகத் தொடங்குவது. தொடங்கக் கூடாது என்றில்லை. ஆனால் புதிய மொழி, புதிய முறை, பேக்எண்ட் இல்லாத வெற்றிடம் என்று மூன்று சுமையும் ஒரே நேரத்தில் தலையில் ஏறும்போதுதான் மூன்றாம் மாதத்தில் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

## பழைய வீடியோவும் புதிய பதிப்பும்

வகுப்புக்குப் போகாமல் வீடியோ பார்த்துப் படிப்பவருக்கு இன்னொரு தொல்லை உண்டு. ரியாக்ட் கற்பிக்கும் பழைய வீடியோக்கள் பல, கிரியேட் ரியாக்ட் ஆப் என்ற கருவியோடு தொடங்கும். அந்தக் கருவியைப் புதிய வேலைகளுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று ரியாக்ட் குழு 2025 பெப்ரவரியில் அறிவித்துவிட்டது. நெக்ஸ்ட் ஜேஎஸ்ஸில் பக்கங்களை அமைக்கப் பழைய முறை ஒன்று, புதிய முறை ஒன்று என்று இரண்டு உண்டு. வீடியோ ஒரு முறையில் சொல்ல, செயற்கை நுண்ணறிவுக் கருவி மற்ற முறையில் கோட் எழுதித் தர, இரண்டையும் ஒட்டிவைத்த பிள்ளை எங்கே பிழை என்று தெரியாமல் இரவிரவாக உட்கார்ந்திருக்கும்.

ஜாங்கோ இந்த விடயத்தில் நிதானமானது. நீண்டகால ஆதரவுப் பதிப்பு என்று ஒன்றை வெளியிட்டு மூன்று வருடம் பராமரிக்கிறார்கள். 2025 ஏப்ரலில் வந்த 5.2 பதிப்புக்கு 2028 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. லாராவெல் ஒவ்வொரு வருடமும் பெரிய பதிப்பை வெளியிட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வருடம் பாதுகாப்புத் திருத்தம் தருகிறது.

எதை எடுத்தாலும் பதிப்பைப் புதுப்பிக்காமல் விடக் கூடாது. 2025 டிசம்பரில் ரியாக்டின், சேர்வரில் ஓடும் சேர்வர் கம்போனன்ட்ஸ் என்ற பகுதியில் வெளிப்பட்ட பாதுகாப்பு ஓட்டை, ஆபத்தை அளக்கும் 10 புள்ளி அளவுகோலில் முழு 10 பெற்றது. நெக்ஸ்ட் ஜேஎஸ் தளங்களும் அதில் அகப்பட்டன. திருத்தம் உடனே வந்தது, ஆனால் அது பதிப்பை மாற்றியவர்களுக்கு மட்டுமே உதவியது.

## டேட்டாவும் ஹோஸ்டிங்கும்

போன் டேட்டாவை லெப்டொப்புக்குக் கொடுத்துப் படிப்பவர் இதைக் கவனிக்க வேண்டும். ஜாங்கோவின் பொதி சுமார் 8 எம்பி. அதன் முழு விளக்க நூலையும் ஒருமுறை பதிவிறக்கிவிட்டால் இணையம் இல்லாமலே வாசிக்கலாம். எஸ்கியூலைட் என்ற ஒற்றைக் கோப்புத் தரவுத்தளத்தோடு தொடங்குவதால் தரவுத்தளத்தைத் தனியாக நிறுவும் வேலையும் இல்லை. நெக்ஸ்ட் ஜேஎஸ் வேலை ஒன்றைத் தொடங்கினால் அதனோடு வரும் துணைப் பொதிகள் டிஸ்கில் நூறு எம்பிக்கு மேல் பிடிப்பது சாதாரணம். அடுத்த வேலைக்கு அவை மறுபடியும் வேண்டும்.

செய்து முடித்ததை வெளியில் ஏற்றும்போது தராசு வேறு பக்கம் சாய்கிறது. தளத்தை வைக்க வாடகைக்கு எடுக்கும் சேர்வர் இடத்துக்குத்தான் ஹோஸ்டிங் என்று பெயர். பலர் ஒரே சேர்வரைப் பகிரும் குறைந்த விலை ஹோஸ்டிங் ஏறத்தாழ எல்லாவற்றிலும் பிஎச்பி ஓடும், உள்ளூர் நிறுவனங்களுக்கு ரூபாவிலேயே கட்டலாம். லாராவெல்லுக்கு இது பெரிய வசதி. ஜாங்கோவுக்குப் பெரும்பாலும் ஒரு தனி மெய்நிகர் சேர்வர் எடுக்க வேண்டியிருக்கும். அது மாதம் 5 டொலர் அளவிலிருந்து தொடங்கும், வெளிநாட்டுப் பணம் கட்டக்கூடிய கார்டும் தேவை. பேக்எண்ட் இல்லாத வியூ அல்லது ரியாக்ட் பக்கங்களை கிட்ஹப் பேஜஸ் என்ற சேவையில் இலவசமாகவே வைக்கலாம், ஆனால் ஓடரைச் சேமிக்க அங்கே இடமில்லை.

ஏற்றும்போது தொடங்குபவர் செய்யும் இரண்டு தவறுகள் ஆபத்தானவை. லாராவெல்லில் பப்ளிக் என்ற ஃபோல்டரை மட்டுமே வெளியுலகுக்குக் காட்ட வேண்டும். முழு வேலையையும் அப்படியே தள்ளினால், தரவுத்தளக் கடவுச்சொல் உள்ள கோப்பு வெளியே தெரிந்துவிடலாம். ஜாங்கோவில் பிழைதேடும் நிலையை அணைக்காமல் ஏற்றினால், பிழை வரும் ஒவ்வொரு தடவையும் உள்விவரங்கள் பார்வையாளருக்கு முன்னால் விரியும்.

## தமிழில் எழுதினால் என்ன நடக்கும்

நம் கடையில் பெயர்கள் தமிழில் இருக்கும். ஆங்கிலத்தில் கற்பிக்கும் எவரும் இந்த இடத்துக்கு வருவதில்லை, ஆகவே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

முதலாவது, எழுத்தின் எண்ணிக்கை. மட்டக்களப்பு என்ற சொல்லில் நம் கணக்குக்கு 8 எழுத்து. கணினிகள் எழுத்துக்குப் பயன்படுத்தும் பொதுக் குறியீடான யூனிகோடு, புள்ளியையும் உகரக் குறியையும் தனித்தனியாக எண்ணுவதால் அதன் கணக்கில் 12. சேமிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் 3 பைட் என்று 36 பைட். பிஎச்பியின் சாதாரண நீளக் கட்டளை 36 என்று சொல்லும், பைத்தன் 12 என்று சொல்லும். ஊர்ப் பெயருக்கு 10 எழுத்து போதும் என்று படிவத்தில் எல்லை வைத்தால், மட்டக்களப்பு என்று எழுதியவரைப் படிவம் திருப்பி அனுப்பும். ஆங்கிலத்துக்கு நினைத்ததைப்போல இரண்டு மடங்காவது இடம் விடுங்கள்.

இரண்டாவது, பக்கத்தின் இணைய முகவரியில் வரும் கடைசித் துண்டு. தலைப்பிலிருந்து அதைத் தானாக உண்டாக்கும் வசதி ஜாங்கோவில் இருக்கிறது. தமிழ்த் தலைப்பைக் கொடுத்தால் வழக்கமான அமைப்பில் வெற்றிடம்தான் வரும், ஏனென்றால் அது ஆங்கில எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடும். யூனிகோடை அனுமதிக்கும் அமைப்பைப் போட்டால் மட்டக்களப்பு, ‘மடடககளபப’ என்று வரும். பைத்தனின் தேடல் விதியில் புள்ளியும் உயிர்க்குறியும் எழுத்தாகக் கணக்கில் இல்லை, அதனால் அவை உதிர்ந்துவிடுகின்றன. நம் மொழிக்கு இது நடக்கும்போது பார்த்துக்கொண்டிருக்க மனம் வராது. அந்தத் துண்டைக் கையால் எழுதுங்கள், இல்லாவிட்டால் இலக்கத்தை வையுங்கள்.

மூன்றாவது, அகர வரிசை. யூனிகோடு இலக்கப்படி அடுக்கினால் ன என்பது ந வுக்கு அடுத்தும், ற என்பது ர வுக்கு அடுத்தும் வந்து நிற்கும். க் என்பது கௌ வுக்கும் பின்னால் போய்விடும். வாடிக்கையாளர் பட்டியலைத் தமிழ் ஒழுங்கில் அடுக்க, அதைத் தரவுத்தளத்திடம் தனியாகச் சொல்ல வேண்டும்.

நான்காவது, பாமினி. அச்சகத்திலும் அலுவலகத்திலும் பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்பிலிருந்து வெட்டி ஒட்டினால் தளத்தில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். இதற்கும் பிரேம்வேர்க்குக்கும் சம்பந்தமில்லை. யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்ட வேண்டும்.

தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மூன்று மொழியில் தளம் வேண்டுமானால் ஜாங்கோவிலும் லாராவெல்லிலும் மொழிபெயர்ப்பு வசதி உள்ளேயே இருக்கிறது. அம்பாறை மாவட்டத்தில் கடை வைத்திருப்பவருக்கு இது அலங்காரம் இல்லை, வியாபாரம்.

## சரி, யார் எதை எடுப்பது

1. உயர்தரத்தில் இந்தப் பாடம் படித்தவர், பைத்தன் ஓரளவு எழுத வருபவர்: ஜாங்கோ. பெரும்பாலானோருக்கு என் பதில் இதுதான். தரவு, படிவம், லொகின், அட்மின் என்று ஒரு தளத்தின் முழு உடம்பையும் ஒரே இடத்தில் தொட்டுப் பார்க்க முடிகிறது. முதல் பிரேம்வேர்க்கில் ஒரு வேலையை முழுதாகச் செய்து முடிப்பதைவிடப் பெரிய பாடம் வேறில்லை. அதற்கு முன் ஒரு வாரம் பிளாஸ்க்கில் மூன்று பக்கம் செய்து பார்த்தால், பின்னால் ஜாங்கோ தானாகச் செய்யும் காரியம் எது என்று புரியும்.
2. ஊரிலேயே இருந்து கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் தளம் செய்து உழைக்க நினைப்பவர்: லாராவெல். ஹோஸ்டிங் செலவும் பராமரிப்பும் வாடிக்கையாளருக்குக் கட்டுப்படியாகும்.
3. நிறத்திலும் வடிவத்திலும் ஆசை உள்ளவர்: எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்டை ஆறுதலாகப் படித்துவிட்டு வியூ. ஏற்கனவே உள்ள பக்கத்தில் ஒரு வரியில் அதைச் சேர்த்துப் பழகலாம்.
4. கொழும்பு நிறுவனம் ஒன்றில் விரைவாக வேலை வேண்டியவர்: விளம்பரங்களில் ரியாக்டை அடிக்கடி கேட்பது உண்மை. படியுங்கள். ஆனால் நேர்முகத்தில் காட்ட, தரவுத்தளத்தோடு முழுதாக ஓடும் ஒரு வேலை கையில் இருக்கட்டும்.
5. பாசிக்குடாவிலோ அறுகம்பேயிலோ தங்குமிடம் ஒன்றுக்கு நான்கு பக்கம், சில படம், ஒரு தொலைபேசி எண் மட்டும் போதுமானால்: பிரேம்வேர்க்கே வேண்டாம். வெறும் எச்டிஎம்எல் போதும், இல்லாவிட்டால் வேர்ட்பிரஸ் என்ற ஆயத்தத் தள மென்பொருள்.

## ரியாக்ட் தேவைப்படும் நாள்

மருதமுனைக் கடையின் தளம் ஓடத் தொடங்கி ஆறு மாதம் ஆகிறது என்று வைப்போம். சாரியின் உடல் நிறத்தையும் கரை நிறத்தையும் வாங்குபவரே மாற்றி மாற்றிப் பார்த்து, பிடித்ததை நெய்யச் சொல்லி ஓடர் கொடுக்க வேண்டும் என்று கடைக்காரர் கேட்கிறார். ஒவ்வொரு நிறத்துக்கும் பக்கம் மறுபடி ஏறினால் வாங்குபவரின் டேட்டாவும் பொறுமையும் தீரும். பேஸ்புக்கின் சிக்கல் சிறிய அளவில் இப்போதுதான் கடைக்கு வந்திருக்கிறது. அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் வியூவையோ ரியாக்டையோ சேர்த்தால் போதும். நிறங்களின் பட்டியலையும் விலையையும் அது ஜாங்கோவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். மற்றப் பக்கங்கள், கடைக்காரர் பழகிய அட்மின் உட்பட, முன்பு இருந்தபடியே இருக்கும்.